ஜப்பான்ல 5 ரூம் வீடு சீப்பா கிடைக்குதாம்... பிள்ளையார்பாளையம் தறி வீடு ஏன் 'மனை விலைக்கே' போகுது?

நைட்டு 11 மணி. தூக்கம் வராம ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. திடீர்னு ஒரு வீடு வருது. ஜப்பான்ல ஏதோ ஒரு நகரம். வாசல்ல செருப்பு கழட்டி வைக்கத் தனியா ஒரு பள்ளம், கோரைப்பாய் பதிச்ச ரூம், மரப்படி, மேல மூணு ரூம், பால்கனி, கீழ கார் நிறுத்த இடம். தாத்தா பாட்டி கீழ, மகன் குடும்பம் மேலன்னு ரெண்டு தலைமுறை தாராளமா இருக்கலாம். கடைசியில திரையில விலை வந்து நிக்குது. மனசு உடனே கணக்குப் போடும்: "இந்தக் காசுக்குத் தாம்பரத்துல சிங்கிள் பெட்ரூம்கூட வராதே!"

நீங்க மட்டும் இல்லை, நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு வாரம் அந்த வீடுகளையே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சது. அந்த ஜப்பான் வீட்டுக்கு விலை ஏன் அவ்வளவு குறைவோ, கிட்டத்தட்ட அதே கணக்குதான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துலயும் ஓடிக்கிட்டிருக்கு. பல வீடுகள்ல குழித்தறி இருக்கிற, பட்டுப்புடவையா நெய்து தள்ளுற பிள்ளையார்பாளையம்தான். அங்கே ஒரு பழைய வீடு விலைக்கு வந்தா புரோக்கர் சொல்ற முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பழைய வீடு சார், பில்டிங்குக்கு வேல்யூ போடல. மனை விலைதான்."

ஜப்பான் விளம்பரங்கள்லயும் இதே வார்த்தைக்குச் சமமா ஒண்ணு உண்டு. 'ஃபுருயா ட்சுகி டோச்சி'ன்னு போடுவாங்க. 'பழைய வீடு ஒட்டின மனை'ன்னு அர்த்தம். விற்கிறது மனை. வீடு அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

முதல்ல அந்த ரீல்ஸ் வீட்டை முடிச்சுடுவோம்

ஜப்பான்ல வீட்டு விளம்பரத்துல '5 எல்.டி.கே'ன்னு எழுதியிருக்கும். எல்.டி.கே-ன்னா ஹால், சாப்பிடுற இடம், சமையல்கட்டு மூணும் ஒரே வெளியில. முன்னாடி இருக்கிற எண், அதைத் தவிர இருக்கிற ரூம் எத்தனைங்கிற கணக்கு. நம்ம ஊர்ல 'த்ரீ பி.ஹெச்.கே'ன்னு சொல்ற மாதிரிதான்.

அது ஏன் சீப்? ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும், ஆள் இல்லை. ஜப்பானோட மக்கள்தொகை 2008 வாக்குல 12.8 கோடியைத் தொட்டு உச்சிக்குப் போச்சு. அப்புறம் இறங்குமுகம்தான். 2023-ல் அந்த நாட்டு அரசு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்புல, மொத்தம் இருக்கிற சுமார் 6.5 கோடி வீடுகள்ல 90 லட்சம் வீடுகள் காலி. நூத்துக்கு 13.8. இதுல சுமார் 38.5 லட்சம் வீடுகள் வாடகைக்கும் இல்லை, விற்பனைக்கும் இல்லை. சும்மா பூட்டிக் கிடக்கு. இதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் 'அகியா'.

இன்னொரு காரணம்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஜப்பான்ல மர வீட்டுக்கு வரிக் கணக்குப்படி ஆயுசு 22 வருஷம். வீடு அதுக்கப்புறமும் நல்லாத்தான் நிக்கும். ஆனா அந்த வயசைத் தாண்டினா மார்க்கெட்ல கட்டடத்தோட மதிப்பைப் பூஜ்யம் பக்கமா வெச்சுடுவாங்க. நிலநடுக்க ஊர் வேறயா, 1981 ஜூன்ல கட்டட விதிகளை இறுக்கினாங்க. அதுக்கு முன்னாடி கட்டின வீடுன்னா வாங்குறவர் இன்னும் யோசிப்பார். இடிச்சா தீர்ந்ததுன்னு விடவும் முடியாது. வீடு இருக்கிற சின்ன மனைக்கு, வரி போடுற மதிப்பு ஆறுல ஒரு பங்குதான். இடிச்சு வெறும் மனை ஆக்கினா அந்தச் சலுகை போயிடும். இடிக்கிற செலவும் சாதாரண மர வீட்டுக்கே 10 லட்சம் யென்னைத் தாண்டும். ஒரு யென் நம்ம காசுக்கு அறுபது பைசா பக்கம்னு வெச்சுக்கங்க. அதனால டோக்கியோவுல வேலை பார்க்கிற பிள்ளைங்க, ஊர்ல அப்பா அம்மா வீட்டைப் பூட்டிட்டு அப்படியே விட்டுடறாங்க.

சரி, நம்ம ஆளுங்க வாங்கலாமா? சட்டப்படி வாங்கலாம். வெளிநாட்டுக்காரர் மனையும் வீடும் சொந்தமா வாங்க ஜப்பான்ல தடை இல்லை. இந்தியாவுல இருந்து ரிசர்வ் வங்கியோட எல்.ஆர்.எஸ் திட்டத்துல ஒருத்தர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், அதுல வெளிநாட்டுச் சொத்தும் அடங்கும். ஆனா ரீல்ஸ்ல சொல்லாம விடுற ஒரு வரி இருக்கு: வீடு வாங்கினா விசா கிடைக்காது. 5 ரூம் வீட்டுக்குச் சொந்தக்காரரா இருந்துக்கிட்டே, டூரிஸ்ட் விசாவுல போய் எட்டிப் பார்த்துட்டு வர வேண்டியதுதான். 'அங்க ஒரு பிசினஸ் ஆரம்பிச்சா விசா வாங்கிடலாம்'னு கமென்ட்ல அட்வைஸ் வரும். அந்த விசாவுக்குத் தேவையான முதலீட்டை 2025 அக்டோபர்ல 50 லட்சம் யென்ல இருந்து 3 கோடி யென்னா உயர்த்திட்டாங்க. வீட்டுக்கு முன்னாடி இருக்கிற ரோடு விதிப்படி அகலமா இல்லைன்னா இடிச்சுட்டு மறுபடி கட்டவே அனுமதி கிடைக்காத மனைகளும் நிறைய. ரொம்ப சீப்பா ஒண்ணு வந்தா முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆக, அந்த வீடு உங்களுக்கும் எனக்கும் இல்லை. வீடியோவை லைக் பண்ணிட்டு வந்துடலாம்.

நிஷிஜின்னு ஒரு பிள்ளையார்பாளையம்

ஆனா ஜப்பானைவிட்டு வர்றதுக்கு முன்னாடி கியோட்டோ நகரத்துல ஒரு ஏரியாவை மட்டும் பார்த்துட்டு வாங்க. பேரு நிஷிஜின். கோயில் நகரத்துக்குள்ள ஒரு பட்டு நெசவுப் பேட்டை. 1467-ல் ஆரம்பிச்சு பத்து வருஷம் நடந்த ஓனின் போர்ல மேற்குப் படை முகாம் போட்ட இடம்கிறதால அந்தப் பேர். போர் முடிஞ்சதும் ஓடிப்போன நெசவாளர்கள் திரும்பி வந்து அங்கே தறி போட்டாங்க. கிமோனோவுக்கு மேல இடுப்புல கட்டுற 'ஓபி' பட்டைக்கு இன்னிக்கும் அந்த ஊர் பேர்தான் பேர். 1870-கள்ல பிரான்ஸோட லியோன் நகரத்துக்கு ஆள் அனுப்பி ஜக்கார்டு தறி கத்துக்கிட்டு வந்தவங்க.

அங்கே இருக்கிற பழைய வீட்டுக்கு 'மாச்சியா'ன்னு பேர். தெருப்பக்கம் குறுகல், உள்ள போகப் போக நீளம். இதை அவங்களே கிண்டலா 'விலாங்குமீன் படுக்கை'ம்பாங்க. முன்னாடி கடை அல்லது வரவேற்பறை, நடுவுல வெளிச்சத்துக்கும் காத்துக்கும் சின்ன முற்றம், ஒரு ஓரமா வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் ஓடுற மண்தரை நடை, கடைசியில வேலைக்கூடம். நிஷிஜின் நெசவாளர் வீடுன்னா அந்தக் கடைசிக் கூடத்துக்கு மேல மாடி இருக்காது. தறி உயரம், அதனால கூரை வரைக்கும் திறந்து விட்டிருப்பாங்க.

படிக்கும்போதே உங்களுக்குத் தோணியிருக்கணுமே. பிள்ளையார்பாளையத்துல ஒரு பழைய வீட்டு வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாருங்க. திண்ணை, நடை, கூடம், முற்றம், சமையல்கட்டு, கொல்லையில கிணறு. தெருவுல நின்னா கொல்லை வெளிச்சம் தெரியும். கூடத்துல தரையில பள்ளம் தோண்டி, அதுக்குள்ள காலை விட்டு மிதிக்கிற குழித்தறி. நெய்றவர் தரை மட்டத்துல உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதிர்ல பாவு நீண்டு கூடத்தோட அடுத்த முனை வரைக்கும் போகும். தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டியும் தொங்குற அட்டைகளும். அதுக்குத்தான் அந்த உயரம். நிஷிஜின்ல கூலிக்கு வீட்டுலயே நெய்து கொடுக்கிற முறைக்கு 'சின்பத்தா'ன்னு பேரு. நம்ம ஊர்ல சொசைட்டிக்கோ முதலாளிக்கோ பாவு வாங்கி வந்து வீட்டுல நெய்து கொடுக்கிறது எதுவோ, அதேதான் அது.

ரெண்டு ஊர்க்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வீடு கட்டலை. ரெண்டு பேருக்கும் தறி ஒரே அளவைக் கேட்டிருக்கு, அவ்வளவுதான். அதனாலதான் இந்த வீடுகளை 'ஓல்டு ஸ்டைல் ஹவுஸ்'னு சொன்னா எனக்குக் கொஞ்சம் கடுப்பா வரும். அது ஸ்டைல் இல்லை. கார்ப்பென்டருக்கு உளி மாதிரி, நெசவாளருக்கு அந்த வீடு ஒரு கருவி.

கியோட்டோவுல அந்தக் கருவிங்க எப்படிப் போயிட்டிருக்குன்னு கணக்கே இருக்கு. 2016 வாக்குல மாநகராட்சி எண்ணிப் பார்த்தப்ப சுமார் 40,000 மாச்சியா இருந்தது. அதுக்கு முந்தைய கணக்கெடுப்புல இருந்து ஏழு வருஷத்துல கிட்டத்தட்ட 5,600 வீடுகள் காணோம். ஒரு நாளைக்கு ரெண்டு வீடு. அந்த இடத்துல வந்தது அபார்ட்மென்ட், கார் பார்க்கிங், ஹோட்டல்.

பிள்ளையார்பாளையத்துல அப்படி யாரும் எண்ணலையேங்கிற நினைப்போடதான் அந்தப் பக்கம் நடந்தேன். எண்ணாமலே கண்ணுக்குத் தெரியுது. ஓட்டு வீடு, அதுக்குப் பக்கத்துல ரெண்டு மாடி கிரானைட் வீடு, அடுத்து பாதி இடிச்ச சுவர்ல தொங்குற மாடக்குழி, மறுபடி ஒரு ஓட்டு வீடு. டக் டக்னு தறிச் சத்தம் ஒரு வீட்டுல கேட்கும், அடுத்த மூணு வீட்டுல டிவி சத்தம்.

ஏன் விற்கிறாங்க?

இதுக்கு 'பாரம்பரியத்தை மதிக்கலை'ன்னு யாராவது பதில் சொன்னா நம்பாதீங்க. அவங்க வீட்டு வரவு செலவைப் பார்க்காதவங்க சொல்றது அது. 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, நாட்டுல நெசவாளர் குடும்பங்கள்ல மூணுல ரெண்டு பங்கு மாசம் 5,000 ரூபாய்க்கும் கீழ சம்பாதிக்கிறவங்க. காஞ்சிபுரம் பட்டு நெய்றவங்க நிலைமை இதைவிட மேல இருக்கலாம். ஆனா புடவை ஷோரூம்ல இருக்கிற விலையும் நெய்தவர் கைக்கு வர்ற கூலியும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத எண்கள்னு அந்தத் தெருவுல எந்த வீட்டுல கேட்டாலும் சொல்வாங்க. ஒரு கோர்வைப் புடவை முடிக்க ரெண்டு பேர் உழைக்கணும். கூலி ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்.

அதே நேரத்துல தெருமுனைக்கு கம்பெனி பஸ் வந்து நிக்குது. 1990-கள் கடைசியில இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், 2006-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா, 2010-ல் ஒரகடத்துல ரெனோ-நிஸான். அதுல ஒண்ணு ஜப்பான் கம்பெனிங்கிறதை இங்கே சும்மா சொல்லி வைக்கிறேன். நோக்கியா 2014-ல் மூடிட்டுப் போனதும் தெரிஞ்ச கதைதான். ஆனாலும் பி.எஃப், இ.எஸ்.ஐ, மாசம் பொறந்தா சம்பளம்னு ஒரு வேலையைப் பார்த்த பையனைக் குழிக்குள்ள இறங்கி உட்காருன்னு யார் சொல்வா? பெத்தவங்களே சொல்ல மாட்டாங்க. 'என்னோட போகட்டும்'னுதான் பெரும்பாலான அப்பாக்கள் நினைக்கிறாங்க.

இங்கேதான் ஜப்பானுக்கும் நமக்கும் வித்தியாசம். அங்கே ஆள் இல்லாம வீடு காலி. இங்கே ஆள் நிறைய, அதனால வீடு பத்தலை. நிஷிஜின் வீட்டுக்கு வாரிசு ஒரே ஒருத்தர், அவரும் ஒசாகாவுல. பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வாரிசு ஏழு பேர், நாலு பேர் அதே வீட்டுல. அங்கே மதிப்பு இறங்குது. இங்கே மனை மதிப்பு ஏறிக்கிட்டே போகுது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆச்சு. 2022-ல் பரந்தூர் ஏர்போர்ட் அறிவிப்பு வந்ததுல இருந்து சுத்துவட்டாரம் முழுக்க 'இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்' பேச்சுதான். ஆனா ரெண்டு ஊர்லயும் முடிவு ஒண்ணு: கட்டடம் கணக்குல இல்லை. அதுக்குள்ள இருக்கிற தறி, கணக்குல இல்லவே இல்லை.

கோடு எங்கே விழுது?

தறி நிக்கிறது பெரும்பாலும் விற்பனையால இல்லைங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் நடக்கிற பாகப்பிரிவினையால. இதைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும்.

ஒரு வீடுன்னு வெச்சுக்கங்க. அகலம் 20 அடி, நீளம் 80 அடி. அண்ணன் தம்பி ரெண்டு பேர். எப்படிப் பிரிப்பீங்க? நீளவாக்குல நடுவுல ஒரு சுவர் எழுப்பினா ஆளுக்கு 10 அடி அகலம். சுவர் கனம் போக, நடக்கிறதுக்கு வழி விட்டது போக, மிச்சத்துல தறி போடலாம். நீளம் இருக்கே. ஆனா கோர்வை நெய்ய ரெண்டாவது ஆள் பக்கத்துல உட்கார்ந்து நாடா தள்ளணும். உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம்னு காஞ்சிப் பட்டுல நீங்க ரசிக்கிறீங்களே, அது அந்த ரெண்டாவது ஆள் கை வேலை. 10 அடி அகலத்துல அவருக்கு இடம் இடிக்கும். அப்போ என்ன பண்ணுவாங்க? கோர்வையை விட்டுட்டு சாதாரணக் கரை நெய்வாங்க. கூலி குறையும். கொஞ்ச நாள்ல 'இதுக்கு கம்பெனிக்கே போயிடலாம்'னு தோணும்.

சரி, குறுக்கால பிரிச்சா? முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. அகலம் மிச்சம். ஆனா தம்பிக்குத் தெரு இல்லை. 'தெருவுல என்ன இருக்கு'ன்னு கேக்காதீங்க. விடியக்காலையில பிள்ளையார்பாளையம் பக்கம் போயிருந்தா பார்த்திருப்பீங்க. பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையா பிரிச்சு, அக்கம்பக்கத்து ஆளுங்க சேர்ந்து சரிபண்ணுவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள சுருட்டிடணும். தெருவும் தறியோட ஒரு பாகம். முன்வாசல் இல்லாதவருக்கு அதுவும் அடுத்தவர் தயவுதான். இப்ப வரிசையா நிக்கிற டூ-வீலருங்க வேற.

அத்தையோட பங்கைப் பணமா கொடுக்கணும்னு வரும்போதுதான் பேச்சு 'வித்துடலாம்'னு திரும்பும். இந்த இடத்துல அத்தை மேல பழி போடுற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. அது தப்பு. தமிழ்நாட்டுல 1989-லயே கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்துல சம பங்கு கொடுத்தாச்சு. 2005 திருத்தத்துல நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. இன்னொரு விஷயம் அதுல சத்தமில்லாம போச்சு. அதுவரைக்கும் குடும்பம் குடியிருக்கிற வீட்டை ஆண் வாரிசுங்களா பிரிச்சுக்கிற வரைக்கும், மகள் 'என் பாகத்தைப் பிரிச்சுக் கொடு'ன்னு கேட்க முடியாது. அந்த 23-வது பிரிவை 2005-ல் எடுத்துட்டாங்க. இத்தனை வருஷம் அந்த வீட்டுல தார் சுத்தினதும், கோர்வைக்குத் துணையா உட்கார்ந்ததும் பெரும்பாலும் பொண்ணுங்கதான். அவங்க பங்கு கேட்டா வீடு உடையுதுன்னு சொல்றது என்ன நியாயம்?

விற்கணும்னே முடிவானாலும், யாருக்கு விற்கிறோம்ங்கிறதுல பெரிய பண வித்தியாசம் இருக்கு. இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. வெளியாளுக்குக் கிரயம் பண்ணா முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். வாங்குறவர்தான் கட்டுவார், ஆனா அதைக் கழிச்சுக்கிட்டுத்தான் விலை பேசுவார். அதே வீட்டுல நெய்துக்கிட்டிருக்கிற சித்தப்பா மத்தவங்க பங்கை வாங்கிக்கிட்டு, அவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தா குடும்பத்துக்குள்ள நடக்கிற பத்திரம். அதுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவிகிதம்தான், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில உயர்த்தினதுக்கு அப்புறமும் இவ்வளவுதான். இன்னொண்ணு, உயில் இல்லாம வந்த சொத்துல ஒரு வாரிசு தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனா, மத்த வாரிசுங்க 'நானே வாங்கிக்கிறேன்'னு முன்னுரிமை கேட்க இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 22-வது பிரிவுல இடமிருக்கு. சித்தப்பாகிட்ட மொத்தமா அவ்வளவு பணம் ஏதுன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. தவணையா வாங்கிக்க நாலு பேர் சம்மதிச்சா நடக்கும், சம்மதிக்கலைன்னா நடக்காது. நம்ம வீடுகள்ல சொத்துப் பேச்சு பணத்தால உடையறதைவிட, 2003-ல் நடந்த ஏதோ ஒரு கல்யாணத்துல பந்தியில உட்காரவைக்காத கோபத்தால உடையறதுதான் அதிகம்!

பத்திரம் யார் பேர்ல இருக்குன்னே தெரியாத வீடுகளும் உண்டு. கொள்ளுத்தாத்தா பேர்லயே வரி ரசீது வரும். ஜப்பான்லயும் இதே தலைவலிதான். யார் வாரிசுன்னே தெரியாத நிலம் பெருகிப் போய், 2024 ஏப்ரல் 1-ல இருந்து வாரிசு பதிவைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. சொத்து வந்தது தெரிஞ்ச மூணு வருஷத்துக்குள்ள பதியணும், இல்லைன்னா ஒரு லட்சம் யென் வரைக்கும் அபராதம். நம்ம ஊர்ல கட்டாயம் இல்லை. அதனாலயே நாலு தலைமுறைக்கு அப்புறம் கையெழுத்துக்கு 23 பேரைத் தேட வேண்டியிருக்கு.

கஃபே ஆக்கிட்டா காப்பாத்தின மாதிரியா?

கியோட்டோ சும்மா இருக்கலை. 2017-ல் மாச்சியாவைக் காக்க ஒரு உள்ளூர்ச் சட்டம் போட்டாங்க. முக்கியமானதுன்னு குறிச்ச வீட்டை இடிக்கணும்னா ஒரு வருஷத்துக்கு முன்னாடியே மாநகராட்சிக்குச் சொல்லணும். அந்த ஒரு வருஷத்துல 'இதை இப்படியே வாங்க யாராவது இருக்காங்களா'ன்னு தேடிப் பார்ப்பாங்க. எனக்கு இதுல பிடிச்சது, 'இடிக்காதே'ன்னு சொல்லாம 'கொஞ்சம் பொறு'ன்னு சொல்றதுதான். விற்கிறவரோட உரிமையும் போகலை, வீட்டுக்கும் ஒரு சான்ஸ்.

அப்படித் தப்பிச்ச வீடுகள் நிறைய கஃபேவாவும், டூரிஸ்ட் தங்குற விடுதியாவும் ஆச்சு. படம் எடுக்க அழகா இருக்கும். ஆனா தறிக்கூடத்துல காபி மெஷின் நிக்குது. காஞ்சிபுரத்துலயும் அந்த யோசனை வரத்தான் செய்யும். கோயில் ஊர். 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தப்ப ஊருக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு, 'இதை ஹோம்ஸ்டே ஆக்கினா என்ன'ன்னு தோணியிருக்கும். ஆக்கட்டும். ஓடும் தூணும் மிஞ்சினாலும் லாபம்தான். ஆனா அதை 'நெசவைக் காப்பாத்திட்டோம்'னு போர்டு மாட்ட வேணாம்.

ஒரு நல்ல பழைய தறி வீடு எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா, ஈ.சி.ஆர்ல முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போங்க. 1996-ல் திறந்த அந்த அருங்காட்சியகத்துல செட்டிநாட்டு வீடு, அக்ரஹார வீட்டோட காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் இருக்கு. டிக்கெட் எடுத்துட்டு திண்ணையில உட்காரலாம். நல்ல இடம், குறை சொல்லலை. ஆனா மனுஷங்க குடியிருக்கிற தெருவுல இருக்கிற பொருளை மியூசியத்துல பார்த்துட்டு வர்றது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிள்ளையார்பாளையத்துல அதே வீடு டிக்கெட் இல்லாம இருக்கு, அதுக்குள்ள ஒரு அம்மா கடலை உரிச்சுக்கிட்டு சீரியல் பார்த்துட்டிருக்காங்க.

அரசு பக்கம் கீழ்க்கதிர்ப்பூர்ல கைத்தறிப் பட்டுப் பூங்கா கட்டியிருக்காங்க. வீட்டுல இடம் இல்லாதவங்க அங்கே போய் நெய்யலாம்ங்கிறது யோசனை. பாதி சரி. நீளமான கூடம் இல்லாதவருக்கு அது உதவும். மீதி பாதி என்னன்னா, வீட்டுத் தறி ஓடுறது குக்கர் விசிலுக்கு நடுவுல. பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு வந்து ரெண்டு அங்குலம், சமையல் முடிச்சுட்டு நாலு அங்குலம்னு நெய்ற பெண்கள் எட்டு மணி நேரம் பூங்காவுக்குப் போய் உட்கார முடியுமா? வீட்டோட இருந்தாதான் அவங்க கைக்கு நெசவு. அதனால பூங்கா ஒரு பக்கம் இருக்கட்டும், இருக்கிற கூடங்களை எண்ணுற வேலையை யாராவது ஆரம்பிக்கணும். எத்தனை வீட்டுல தறி போடுற நீளம் இன்னும் மிச்சம் இருக்குன்னு ஒரு கணக்கு. ஒரு காலேஜ் ஆர்க்கிடெக்சர் டிபார்ட்மென்ட் ஒரு செமஸ்டர்ல முடிச்சுடற வேலை.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. தாத்தா வீடு பிள்ளையார்பாளையத்துலயோ, ஆரணியிலயோ, திருபுவனத்துலயோ இருந்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல 'பார்ட்டி வந்திருக்கு'ன்னு மெசேஜ் விழுந்தா, தம்ஸ் அப் போடுறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போங்க. கூடத்தோட நீளம், அகலம், உத்தரம் வரைக்கும் உயரம், மூணையும் அளந்து எழுதுங்க. தூண், கதவு, மாடக்குழி, குழித்தறி எல்லாத்தையும் போட்டோ எடுங்க. டவுன் சர்வே பதிவு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, ஆன்லைன்ல வில்லங்கச் சான்று போடுங்க. அந்தத் தெருவுலயே வாடகை வீட்டுல தறி போட்டு, வீட்டுக்காரர் எப்ப காலி பண்ணச் சொல்வாரோன்னு இருக்கிற குடும்பம் ஏதாவது இருக்கான்னு சொசைட்டியில கேளுங்க. அவங்களால விலைக்கு வாங்க முடியாம இருக்கலாம், ஒத்திக்கு எடுக்க முடியும். வெளியாள் பார்ட்டிக்குத்தான் போகணும்னாலும், புரோக்கர் போடுற 'மனை விலைக்கே' விளம்பரத்துக்குப் பதிலா நீங்களே ஒண்ணு எழுதுங்க, ஜப்பான்காரங்க 5 எல்.டி.கே-ன்னு எழுதுற மாதிரி:

'பிள்ளையார்பாளையம். தெற்குப் பார்த்த வாசல். 20-க்கு 80. 2 தறி, கூடம், முற்றம், கிணறு. கூடம் 22 அடி நீளம், உத்தரம் வரை 12 அடி. கோர்வைக்கு ரெண்டு பேர் உட்காரலாம். வாசல்ல பாவு போட இடம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க பைக்கை எடுத்துக்குவாங்க.'